தினமும் திவசத் தளிகை

1

என் அப்பா ஒவ்வொரு வருடமும் இறந்துபோகிறார் என்று எங்கள் அலுவலகத்தில் விடுமுறைகளைக் கவனிக்கும் பெண்மணிக்கு ஒரு சந்தேகம் உண்டு. அவரைக் குறை சொல்ல முடியாது. விண்ணப்பத்தில் 'காரணம்' என்ற கட்டத்தில் ஒவ்வொரு கோடையிலும் 'தந்தையின் மரணம் தொடர்பான சடங்கு' என்று நான்தான் எழுதுகிறேன். ஒரு வருடம் ஜூலை, இன்னொரு வருடம் ஆகஸ்ட். ஜெர்மனியில் ஒரு மனிதர் ஒரு முறைதான் இறக்கலாம். அதுவும் ஒரே தேதியில்.

"போன வருடமும் இதையேதான் எழுதினீர்கள்," என்றார்.

"ஆமாம்."

"தேதி வேறாக இருந்தது."

ஆடி மாதத்து வளர்பிறை தசமி என்பதை விளக்க முயன்றேன். என் ஜெர்மனுக்குப் பத்தொன்பது வயதாகிறது. ரொட்டி வாங்கவும், எந்தக் குப்பை எந்தத் தொட்டியில் என்று பக்கத்து வீட்டுக்காரரோடு வாதாடவும் போதும். சந்திரனைப் பிடித்து அதற்குள் கொண்டுவரப் போதாது. கடைசியில் அவரே இரக்கப்பட்டு, 'குடும்பக் காரணம், தேதி மாறக்கூடியது' என்று தட்டி மூன்று வாரம் கொடுத்தார்.

இந்த வருடம் அந்த மூன்று வாரம் எனக்கு மிகவும் தேவைப்பட்டது. காரணம், போன வருடம் அப்பாவின் திவசத்தன்று நான் திருச்சியிலேயே இருந்தும் அதைச் செய்யவில்லை. நான் ஒரே மகன். ஐயாயிரம் மைல் பறந்து வந்து, ஸ்ரீரங்கத்து அக்கா வீட்டுக்கு இருந்த கடைசி ஐந்து மைலைக் கடக்க முடியாமல் தென்னூரில் ஒரு மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தேன். இந்த முறையும் அப்படி ஆனால், அடுத்த வருடம் விண்ணப்பத்தில் என்ன எழுதுவதென்று எனக்கே தெரியாது.

2

அதற்குக் காரணமும் நான்தான். திவசத்துக்கு முதல் நாள் கர்த்தா, அதாவது காரியம் செய்கிறவன், ஒருவேளைதான் சாப்பிடலாம். வெளியில் சாப்பிடக் கூடாது. நான் இந்தச் சட்டத்தில் ஓர் ஓட்டை கண்டுபிடித்தேன். வீட்டில் சமைத்ததைக் கட்டிக்கொண்டு வெளியே போனால் அது வெளிச்சாப்பாடு ஆகாது அல்லவா? அந்த ஒருவேளையை, காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிற முக்கொம்பில் வைத்துக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னேன். ஆடி மாதம், காவிரி நிறைய தண்ணீர். அக்காவின் கணவர், என் அத்திம்பேர், உடனே காரை எடுத்துவிட்டார்.

அக்கா புளியோதரை கட்டியிருந்தாள். புளிக்காய்ச்சல் நாலு நாள் முன்னால் செய்தது, ஊறினால்தான் ருசி. சாதம் விடியற்காலையில் கலந்தது. தொட்டுக்கொள்ளத் தக்காளித் தொக்கு, முந்தின வருடத்து மாவடு. முடிவில் நன்றாகப் புளித்த தயிர் சாதம். ஒரு மணிக்கு மதகுகளைப் பார்த்தபடி உட்கார்ந்து, இரண்டு பேர் சாப்பிட வேண்டியதை நான் ஒருவனே சாப்பிட்டேன். ஒருவேளைதானே.

அரை மணியில் காது சுட்டது. எனக்கு எப்போதும் முதலில் காதுதான்.

"வெயில்," என்றார் அத்திம்பேர்.

பிறகு முகம், கழுத்து, மார்பு எல்லாம் செம்பருத்தி நிறம். தடிப்புகள். வயிற்றைப் பிசைந்தது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. எழுந்து நின்றால் காவிரி சாய்ந்தது. இந்த மாதிரி ஐந்தாறு வருடங்களாகவே வந்துபோகும், ஆனால் சின்னதாக. ஜெர்மனியில் அதற்கு நான் வைத்திருந்த பெயர் 'மன அழுத்தம்'. அங்கே எந்த நோய்க்கும் அந்தப் பெயர் பொருந்தும்.

மறுநாள் காலை ஆறரைக்கு அத்திம்பேர் பஞ்சகச்சத்தோடும் நெற்றியில் திருமண்ணோடும் மருத்துவமனைக்குள் வந்தார். கையில் தர்ப்பை. கர்த்தாவால் முடியாவிட்டால் அவன் கையிலிருந்து தர்ப்பையை வாங்கிக்கொண்டு வேறொருவர் அவனுக்காகச் செய்யலாம். அது ஒரு அதிகாரப் பத்திரம். பணியில் இருந்த நர்ஸ் வழி மறித்தார்.

"ஐயா, உள்ள புல்லெல்லாம் எடுத்துட்டுப் போகக் கூடாதுங்க."

"இவனோட அப்பாவுக்கு இன்னிக்கு திவசம்மா. இவன் கொடுக்கணும், நான் வாங்கிக்கணும். அப்பதான் நான் பண்ண முடியும்."

"எந்தக் கையால குடுக்கணும்?"

"வலது கையாலதான்."

"வலது கையிலதாங்க ட்ரிப்ஸ் போகுது. சரி, ஆட்டாம குடுக்கச் சொல்லுங்க."

ஆட்டாமல் கொடுத்தேன். வெளிநாட்டில் எத்தனையோ பத்திரங்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இருபது வருடக் கடன் பத்திரம் உட்பட. எதையும் கொடுக்க இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதில்லை. ட்ரிப்ஸ்தான் காரணம் என்று நர்ஸிடம் சொன்னேன்.

3

திரும்பிப் போனதும் ஒவ்வாமை நிபுணரிடம் நாள் வாங்க ஆறு வாரம் ஆயிற்று. அவர் என் முதுகில் கோலம் போட்டுப் பார்த்துவிட்டு, உங்களுக்கு எதனோடும் ஒவ்வாமை இல்லை என்று வாழ்த்தி அனுப்பினார். பூனை, மகரந்தம், நிலக்கடலை எல்லாவற்றோடும் நான் நல்லுறவில் இருந்தேன். இரண்டாவது மருத்துவர்தான் கதையை முழுவதும் கேட்டார். அதிலும் புளிக்காய்ச்சல் நாலு நாள் ஊறிய இடத்தில் நிறுத்தி, இன்னொரு முறை சொல்லச் சொன்னார். பிறகு ஓர் உணவு ஆலோசகரிடம் அனுப்பினார்.

ஹிஸ்டமின் என்று ஒரு பொருள். நம் உடம்பிலேயே இருக்கிறது; சாப்பாட்டிலும் இருக்கிறது. புளிக்கப் புளிக்க, ஊற ஊற, நாளாக ஆக அது கூடும். சாப்பாட்டோடு வருவதைக் குடலில் இருக்கும் ஒரு நொதி உடைத்து வெளியேற்றிவிடும். சிலருக்கு அந்த நொதி போதாது. ஆலோசகர் இதை விளக்க ஒரு பீப்பாயின் படம் வரைந்தார். எனக்குப் பீப்பாய் தேவைப்படவில்லை. முக்கொம்பு பார்த்து வளர்ந்தவனுக்கு இது ஒரு வரி: காவிரியில் வெள்ளம் வந்தால் மிச்சத்தைக் கொள்ளிடம் வாங்கிக்கொள்ள வேண்டும். என் கொள்ளிடம் தூர்ந்துபோயிருந்தது. நானோ மேலே நின்று மதகைத் திறந்துகொண்டிருந்தேன். அதுவும், எந்த இடத்தில் உட்கார்ந்து திறந்தேன் என்று பாருங்கள்.

ஆலோசகருக்கு முப்பது வயது இருக்கலாம். நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"எப்போது சமைப்பீர்கள்?"

"ஞாயிற்றுக்கிழமை."

"எப்போது சாப்பிடுவீர்கள்?"

"வெள்ளிக்கிழமை வரை."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பம் எதுவும் இதில் விதிவிலக்கல்ல என்று நினைக்கிறேன். ஞாயிறு காலை சாம்பார், குழம்பு, கூட்டு என்று பெரிய பாத்திரங்களில் சமைத்து, டப்பாக்களில் அடைத்து, கிழமை எழுதி ஒட்டி, குளிர்பெட்டியில் அடுக்கிவிட்டால் வாரம் ஓடிவிடும். வியாழக்கிழமை சாம்பார்தான் ருசி என்பது எங்கள் வீட்டுக் கொள்கை. தோசை மாவுக்கு ஆயுள் பத்து நாள். அதற்கு மேல் ஊத்தப்பம். என் அப்பா நேற்றுச் சமைத்ததைத் தொடமாட்டார். கல்லூரி நாட்களில் அதற்காக அவரோடு அறிவியல் பேசிச் சண்டை போட்டிருக்கிறேன். குளிர்பெட்டி என்ற மாபெரும் கண்டுபிடிப்பைப் பற்றி உரையாற்றியிருக்கிறேன்.

உடனே 'நம் முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல' என்று யாரும் வாட்ஸாப்பில் தொடங்கிவிட வேண்டாம். அதே முன்னோர்கள்தான் மூன்று வருடத்து மாவடுவை ஜாடியில் வைத்துக்கொண்டு, விருந்தாளிக்கு மட்டும் எடுத்துக் கொடுத்தார்கள். அவர்கள் பாதி சரி. நான் முழுத் தப்பு. அவ்வளவுதான் வித்தியாசம்.

4

ஆலோசகர் இரண்டு பக்கப் பட்டியல் கொடுத்தார். முதல் ஆறு வாரம் கடுமை. தக்காளி கூடாது. கத்திரிக்காய் கூடாது. கீரையில் பசலை கூடாது. ஊறுகாய், வினிகர், பாலாடைக்கட்டி, ஒயின் கூடாது. புளித்தது எதுவும் கூடாது. மிளகாயைக் குறைக்கவும். சமைத்த உடனே சாப்பிடவும். மிஞ்சினால் அப்போதே உறைய வைக்கவும், இல்லையேல் கொட்டவும். என் மனைவி வைதேகி சமையலறை மேஜையில் இதை வாய்விட்டுப் படித்தாள். படிக்கப் படிக்க அவள் குரல் மாறியது.

"ஏன்னா, இது என்னன்னு தெரியறதா?"

"பட்டினி."

"இல்லை. திவசத் தளிகை."

தளிகை என்றால் எங்கள் பேச்சில் சமையல். பட்டியலை வாங்கிப் பார்த்தேன். எங்கள் ஆத்துத் திவசத்தில் தக்காளி கிடையாது, கத்திரிக்காய் கிடையாது, மிளகாய் கிடையாது, காரத்துக்கு மிளகுதான். வாழைக்காய், அவரைக்காய், பாகற்காய், புடலங்காய். பயத்தம்பருப்பு, தேங்காய், நெய். எல்லாம் அன்று காலை சமைத்தது. மறுநாளைக்கு எதுவும் மிஞ்சக் கூடாது. வருடத்துக்கு ஒரு நாள் அப்பாவுக்குப் போடுகிற சாப்பாட்டைத்தான் வருடம் முழுவதும் நான் சாப்பிட வேண்டியிருந்தது. அடுத்த சந்திப்பில் ஆலோசகரிடம் இதைச் சொன்னேன். அவர் கோப்பில் என்னவோ எழுதினார். தலைகீழாகப் படித்தேன்: 'நோயாளிக்கு இறந்தவர்களுக்கான உணவு நன்கு ஒத்துக்கொள்கிறது.'

ஒத்துக்கொள்ளாதது ஸ்ரீரங்கத்தில் இருந்த அக்காவுக்குத்தான். தொலைபேசியில் சொன்னேன்.

"தெனமும் திவசத் தளிகையா? நன்னா இருக்கற ஆத்துல? வாயை அலம்பிண்டு வா, அப்பறம் பேசலாம்."

"டாக்டர் சொல்றார்க்கா."

"டாக்டர் என்ன கோத்ரம்?"

அவளுக்குக் கோபம் சமையல் முறையில் இல்லை என்பது எனக்குத் தெரியும். முக்கொம்பு சாப்பாடு அவள் கையால் செய்தது. நான் ஹிஸ்டமின் என்று சொல்லும்போதெல்லாம் அவள் காதில் 'உன் புளியோதரை' என்று விழுந்துகொண்டிருந்தது. இரண்டு நாள் கழித்து அவளே கூப்பிட்டாள். சடங்கு செய்துவைக்கும் வாத்தியாரிடம் கேட்டாளோ தானே தீர்ப்பு எழுதினாளோ தெரியாது.

"வைதேகிகிட்ட சொல்லு. எது பண்ணினாலும் ஒரு சிட்டிகை பெருங்காயம் போடச் சொல்லு. திவசத்துல பெருங்காயம் கிடையாது. பெருங்காயம் போட்டுட்டா அது வெறும் சமையல். தோஷம் இல்லை."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சிட்டிகைப் பெருங்காயம்தான் அமங்கலத்துக்கும் மங்கலத்துக்கும் நடுவே நின்றது.

ஞாயிற்றுக்கிழமைச் சமையல் ஒழிந்தது. வேலை முடிந்து வந்து தினமும் ஆறரை மணிக்கு அடுப்பைப் பற்ற வைத்தோம். நான் காய் நறுக்கினேன். என் அவரைக்காயைப் பார்த்து வைதேகி, இதற்கு ஹிஸ்டமினே பரவாயில்லை என்றாள். மெதுவாக மென்றேன். ஒயினை விட்டேன். பத்து மணிக்குப் படுத்தேன். தூர்வாரும் பணி நம் ஊரில் எப்படி நடக்கும் என்று தெரிந்ததால், எந்த ஒப்பந்தக்காரரையும் நம்பாமல் நானே இறங்கி வாரினேன். மூன்றாவது வாரம் காது சுடுவது நின்றது. ஐந்தாவது வாரம், வயிறு என்று ஒன்று இருப்பதையே மறந்து ஒரு முழு நாள் இருந்தேன்.

பிறகு ஒவ்வொரு பொருளாகத் திரும்பச் சேர்த்துப் பார்க்க வேண்டும். இங்கேதான் என் மகள் மாளு வந்தாள். வடக்கே, ரயிலில் ஏழு மணி நேர தூரத்தில் படிக்கிறாள். படிக்கப் போன பிறகு மாதம் ஒரு முறை கூப்பிடுவாள். "அப்பா, ஓகேயா?" "ஓகே." "ஓகே." இதுதான் எங்கள் தாய்மொழி உரையாடல். பட்டியலைக் கேள்விப்பட்டதும் அவளுக்குள் இருந்த விஞ்ஞானி விழித்துக்கொண்டாள். ஒரு அட்டவணை செய்தாள். ஒவ்வொரு ஞாயிறும் மாலை கூப்பிட்டுக் கணக்கெடுத்தாள்.

"கொத்ஸமல்லி?"

"பாஸ்."

"காது?"

"நார்மல்."

"அப்பா, ஹானஸ்ட்டா சொல்லு."

ஞாயிற்றுச் சாம்பார் போன இடத்தில் ஞாயிற்று மகள் வந்தாள். ஒரு நாள், "இந்தப் பாகற்காய் எல்லாம் தாத்தாவுக்கு ஏன் பண்ணறோம்?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்பதைச் சொல்லவே அரைமணி நேரம் பேசினோம்.

டிசம்பரில் தோசை ஜெயித்தது. மாவு அரைத்து எட்டு மணி நேரத்துக்குள் வார்த்தால். பிப்ரவரியில் ஒரு தேக்கரண்டி புதுத் தயிர். அன்று மாலை வரை வைதேகி என் காதுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்; கல்யாணமான புதிதில்கூட அவள் என்னை அவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை. ஏப்ரலில் அரைத் தக்காளி. கத்திரிக்காய் தோற்றது. மாவடு இரண்டு முறை போட்டியிட்டு இரண்டு முறையும் டெபாசிட் இழந்தது. எல்லாருக்கும் இதே பட்டியல் பொருந்தாது. உங்கள் காதை உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். என் காது என் வசம் வந்துவிட்டது, அதைத்தான் சொல்கிறேன்.

5

இந்த ஆடியில் ஸ்ரீரங்கம் வந்து இறங்கியபோது அக்கா என்னிடம் மட்டும் மரியாதையாகப் பேசினாள். நிலைமை மோசம் என்று புரிந்தது. அத்திம்பேர் ரயில்வே பட்டறையில் முப்பது வருடம் ரயில் பெட்டிகளைப் பழுது பார்த்தவர். என்னைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "பெட்டி நன்னாத்தான் இருக்கு. லோடு ஏத்திப் பாத்தாத்தான் தெரியும்," என்றார்.

முதல் நாள் ஒருவேளை. இந்த முறை சட்டத்தில் ஓட்டை எதுவும் தேடவில்லை. அடுப்பிலிருந்து இலைக்கு நேராக வந்த சாதம், பருப்பு, புடலங்காய். காது நார்மல்.

திவசத்தன்று விடிவதற்கு முன் ஸ்நானம். வைதேகியும் அக்காவும் தளிகை செய்யும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு ஈர வேஷ்டியோடு நின்றேன். பதினொரு மணிக்கு ஹோமம். புகையில் கண் எரிந்தது. உடனே கை தானாகக் காதுக்குப் போனது. வாத்தியார் பார்த்துவிட்டு, "கேக்கலையோ?" என்று சங்கல்பத்தை இன்னும் உரக்கச் சொன்னார். அப்பா, தாத்தா, கொள்ளுத் தாத்தா என்று மூன்று பெயர்களையும் நானே சொன்னேன். முன்னோர்களின் சார்பில் சாப்பிட அழைத்திருந்த இருவருக்கும் பரிமாறி, அவர்கள் எழுந்து, பிண்டம் வைத்து, காக்கைக்குப் போட்டு முடிக்கும்போது மணி இரண்டரை.

பிறகு என் இலை. கர்த்தா அன்று செய்தது எல்லாவற்றிலும் மிச்சத்தைச் சாப்பிட்டால்தான் காரியம் பூர்த்தி. வாழைக்காய், அவரைக்காய், பாகற்காய், மிளகுச் சாத்தமுது என்கிற ரசம், திருக்கண்ணமுது என்கிற பாயசம், எள்ளுருண்டை எல்லாம் வரிசையாக வந்தன. எல்லாம் என் பழைய நண்பர்கள். பெருங்காயம் மட்டும் இல்லை. கடைசியில் அதிரசம். அதிரச மாவு மூன்று நாளாவது ஊற வேண்டும். இலையின் ஓரத்தில் அது உட்கார்ந்திருந்தது. வைதேகி என்னைப் பார்த்தாள். நான் அக்காவைப் பார்த்தேன். எப்படிக் கேட்பது? ஒரு வருடமாக ஆறாத புண்ணில் இன்னொரு முறை விரலை வைக்க வேண்டும்.

"அக்கா, இந்த மாவு..."

"தெரியும்டா. ஊறின மாவுல பண்ணினது அவாளுக்கு. உனக்கு இன்னிக்குக் காலம்பற பாகு வெச்சுத் தனியாப் பண்ணினேன். சரியா வரலை, உதிர்றது. உதிர்ந்தாலும் பரவாயில்லைன்னு சாப்டு."

உதிர்ந்தது. ஒவ்வொரு துணுக்காகப் பொறுக்கிச் சாப்பிட்டேன். ஒன்று போதாதென்று இன்னொன்று கேட்டேன். அக்கா உள்ளே போய் எடுத்து வர, தேவைக்கு மேல் கொஞ்சம் நேரம் ஆயிற்று.

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் கூடத்தில் யாரும் எழுந்திருக்கவில்லை. நடுவில் நாற்காலியில் நான், சுற்றிலும் குடும்பம். பெண் பார்க்க வந்தவர்கள்கூட இவ்வளவு வெளிப்படையாகப் பார்க்கமாட்டார்கள். மாளு தொலைபேசித் திரையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அரை மணி. முக்கால் மணி. அத்திம்பேர் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு மணி ஆனதும் அக்கா ஜன்னலைத் திறந்து, என் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"ஒண்ணும் ஆகலை. எப்பவும் போல கறுப்பாத்தான் இருக்கே."

என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த மருத்துவ அறிக்கை அதுதான். மாளு திரையில் இரண்டு கைகளையும் தூக்கினாள். வைதேகி இலையை எடுக்கப் போனாள். அக்கா தரையில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"போன வருஷம் ஆஸ்பத்திரிக்கு வந்து நான் அழுதேனே, உன் உடம்புக்குன்னு நெனச்சியா? அது பாதிதான். இவர் புல்லை வாங்கிண்டு உக்காந்துட்டார். நம்பாத்துக் கோத்ரத்தை விட்டுட்டு இவாத்துக் கோத்ரத்தைச் சொல்லிடுவாரோன்னு அடுப்படிலேர்ந்து கேட்டுண்டே இருந்தேன். அப்பா யாராத்துக்கோ போயிடுவாரேன்னு."

"சரியாத்தான் சொன்னேன்," என்றார் அத்திம்பேர், கண்ணைத் திறக்காமல். "மூணு பேர் பேரையும் சொன்னேன். வாத்தியாரைக் கேட்டுக்கோ."

"நீங்க தூங்குங்கோ."

அவர் தூங்கினார். விடியற்காலையிலிருந்து நின்ற களைப்பில் அக்காவும் வைதேகியும் அப்படியே கூடத்தில் சாய்ந்துவிட்டார்கள். கர்த்தா மட்டும் அன்று பகலில் தூங்கக் கூடாது. தூக்கமும் வரவில்லை. வடக்கு வாசல் வரை நடந்தேன். கொள்ளிடக் கரையில் போய் நின்றேன். தண்ணீர் தன் பாட்டுக்கு, நிறைய, தடங்கல் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. வயிற்றில் பாகற்காய், வாழைக்காய், இரண்டு உதிர்ந்த அதிரசங்கள் எல்லாம் சண்டையில்லாமல் குடியிருந்தன. யாரையாவது நிறுத்திச் சொல்ல வேண்டும் போல் இருந்தது. சைக்கிளில் போன ஒருவரை நிறுத்தி, மணி என்ன என்று மட்டும் கேட்டேன்.

ஏழு மணிக்கு வீடு திரும்பும்போது நன்றாகப் பசித்தது. ஐந்தாறு வருடங்களாகப் பசி வந்தால் கூடவே பயமும் வரும். எதைச் சாப்பிட்டு எதில் மாட்டப்போகிறோமோ என்று. இன்று பசி தனியாக வந்தது. சுத்தமான, இருபது வயதுப் பசி. எதை வைத்தாலும் சாப்பிடலாம் போல் இருந்தது.

திவசத்தன்று இரவு கர்த்தா எதையும் சாப்பிடக் கூடாது.